ஒதுங்கி நிற்கும் வண்டியில் ஏழு நாள்

முதல் நாள்: டோக்கியோ

அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிறிய நிலையத்தில் நான் நிலைய அதிகாரியாக இருந்த காலத்தில், என் வேலையின் பெரும்பகுதி பின்னால் வரும் விரைவு வண்டிக்காகப் பாசஞ்சரை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவதிலும், அதில் உட்கார்ந்திருப்பவர்களின் வசவை வாங்கிக்கொள்வதிலுமே கழிந்தது. ‘எங்கள் நேரம் மட்டும் நேரம் இல்லையா?’ என்று சன்னல் வழியாகக் கேட்ட ஒரு பால்காரருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, யோகோஹாமாவில் வேலை பார்க்கும் அக்காள் மகன் ஒரு மாதம் வந்து தங்கும்படி அழைத்தான். ஜப்பானின் அதிவேக இரயிலான ஷின்கான்சென்னைப் பார்க்கும் ஆசையோடு அந்தப் பால்காரரின் கேள்வியும் என்னோடு விமானம் ஏறியது.

“மாமா, நோசோமியில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஒசாக்கா போய்விடலாம். நீங்கள் எதற்காக ஏழு நாள் எடுத்துக்கொள்கிறீர்கள்?” என்று மருமகன் கேட்டான். நோசோமியில் ஏறினால் நோசோமியைப் பார்க்க முடியாதே என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே கொடாமாவின் கால அட்டவணையை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான்.

டோக்கைடோ ஷின்கான்சென் தடத்தில் மூன்று வகை வண்டிகள் ஓடுகின்றன. நோசோமி என்றால் நம்பிக்கை. அது பெரிய நகரங்களில் மட்டுமே நிற்கும். ஹிக்காரி என்றால் ஒளி. அது இடையில் சில நிலையங்களில் நின்று போகும். கொடாமா என்றால் எதிரொலி. டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாக்கா வரையுள்ள 17 நிலையங்களிலும் நின்று, 515.4 கி.மீ. தூரத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்தில் கடக்கிறது. 1964 அக்டோபர் 1 அன்று இந்தத் தடம் திறக்கப்பட்டபோது, உலகமே வியந்து பார்த்த ஹிக்காரி எடுத்துக்கொண்டதும் இதே 4 மணி நேரம்தான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிய வண்டியின் நேரத்தை இன்று எல்லாவற்றுக்கும் வழிவிட்டு நிற்கும் வண்டி எட்டிவிட்டது என்பதை மருமகனிடம் சொன்னபோது, அவன் ஒரு கணம் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

டோக்கியோ நிலையத்தில் இந்தத் தடத்துக்கென்று இருப்பவை 14 முதல் 19 வரையிலான ஆறு நடைமேடைப் பாதைகள் மட்டுமே. 2020 மார்ச் கால அட்டவணைப்படி நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் இங்கிருந்து 12 நோசோமி, 2 ஹிக்காரி, 3 கொடாமா வரை புறப்படலாம். அதாவது மூன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஒவ்வொன்றும் 16 பெட்டிகளும் 1,323 இருக்கைகளும் கொண்டது. வந்து நிற்கும் வண்டியைத் துப்புரவுக் குழுவினர் ஒருபுறமிருந்து மறுபுறம் பெருக்கித் துடைத்து, இருக்கைகளை ஊர் திரும்பும் திசைக்குச் சுழற்றி வைத்து இறங்குவதற்குள், பக்கத்துப் பாதையில் இன்னொன்று கிளம்பிவிடுகிறது. கிளம்பும் வண்டியின் கடைசிப் பெட்டியை நோக்கி ஊழியர் வெள்ளைக் கையுறை அணிந்த கையை நீட்டி, வாய்விட்டு ஏதோ சொல்லி உறுதி செய்துகொள்கிறார். நாங்கள் பச்சைக் கொடி பிடித்து ‘ஆல்ரைட்’ காட்டியதன் ஒன்றுவிட்ட உறவு அது என்று எனக்குப் பட்டது.

18, 19ஆம் பாதைகளுக்கு இடைப்பட்ட நடைமேடையின் கோடியில், பயணிகள் அதிகம் நடக்காத இடத்தில், சோகோ ஷின்ஜியின் முகம் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. 1955இல் தம் 71ஆவது வயதில் ஜப்பானிய தேசிய இரயில்வேயின் தலைவரானவர் அவர். 1,067 மி.மீ. குறுகிய பாதைகளே நாடெங்கும் இருந்தபோது, 1,435 மி.மீ. அகலத்தில் முற்றிலும் புதிய தடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்; அதற்குத் தலைமைப் பொறியாளராக ஷிமா ஹிதேயோவை அழைத்து வந்தார். உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடனும் வாங்கினார். ஆனால் செலவு, மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டதால் 1963இல் இருவரும் பதவியை விட்டு விலக நேர்ந்தது. முதல் வண்டி புறப்பட்ட நாளில் இருவருமே பொறுப்பில் இல்லை. நான் நின்றிருந்த கால் மணி நேரத்தில் அந்தச் சின்னத்தை வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்: ஓடவாரா

ஒரு துண்டுத் தூரத்துக்கு ஒரு சீட்டு என்று வாங்கிக்கொண்டு, முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி ஓடவாராவில் இறங்கினேன். இருபுறமும் நடைமேடைகள், அவற்றை ஒட்டி நிற்கும் வண்டிகளுக்கான பாதைகள், நடுவில் நிற்காமல் போகும் வண்டிகளுக்கான இரண்டு மெயின் லைன்கள் என்று அமைந்த நிலையம் இது. எங்கள் பக்கத்து நிலையத்தைக் கழுவித் துடைத்து, ஆளுயரத் தூண்களின் மேல் தூக்கி வைத்தது போல இருந்ததால், வந்த ஐந்தாவது நிமிடமே எனக்கு இடம் பழகிவிட்டது.

முதல் நோசோமியைப் பார்த்தேன் என்று சொல்வது மிகை. ஒலிபெருக்கி அறிவித்தது, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்தேன், தண்டவாளத்தில் மெல்லிய சீறல் ஒன்று எழுந்தது, படக்கருவியைக் கண்ணருகே கொண்டுபோனேன், அவ்வளவுதான். பிறகு படத்தைப் பார்த்தபோது வெறும் தண்டவாளமும், எதிர் நடைமேடையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு சிறுமியும் மட்டுமே இருந்தார்கள். மணிக்கு 285 கி.மீ. என்பது இந்தத் தடத்தின் உச்ச வேகம். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 79 மீட்டர் ஓடுகிறது. 400 மீட்டரைச் சற்றுத் தாண்டும் முழு வண்டியும் நம்மைக் கடந்துவிட ஐந்து நொடி போதும். இரண்டு வண்டிகள் எதிரெதிரே அதே வேகத்தில் சந்தித்தால், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு எதிர்வண்டி இரண்டரை நொடி மட்டுமே இருக்கும்.

ஐந்தாவது, ஆறாவது வண்டிக்குப் பிறகுதான் கண் பழகியது. முன்மூக்கைப் பார்க்க முயலக் கூடாது. பெட்டிகளின் மேலிருக்கும் மின் வாங்கியைப் பார்க்க வேண்டும். பதினாறு பெட்டிகளுக்கும் சேர்த்து இரண்டே இரண்டுதான் கம்பியைத் தொட்டுக்கொண்டு போகின்றன. மேல்நிலைக் கம்பி ஒவ்வொரு முறையும் நூலளவு மேலே எழுந்து, வண்டி போன பிறகும் வெகு நேரம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கம் அடங்குவதற்குள் எதிர்த்திசையிலிருந்து அடுத்தது வந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் இரு திசைகளிலுமாக இருபதுக்கு மேல் எண்ணி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மதியம் உள்ளூர் வண்டியில் ஒரு நிலையம் பின்னால் போய் கமோனோமியாவில் இறங்கினேன். 1962இல் இங்கேதான் மாதிரித் தடம் அமைத்துப் புதிய வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 1963 மார்ச் 30 அன்று மணிக்கு 256 கி.மீ. வேகத்தை எட்டியதும் இங்கேதான். நிலைய வாசலில் அதைச் சொல்லும் சிறு நினைவுக் குறியைத் தவிர, மிதிவண்டிகள் அடுக்கிய சாதாரணப் புறநகர் அது. திரும்பும் வழியில் கடையில் ‘தாய்-மேஷி’ என்ற பொதிச்சோற்றின் பெயரைக் கேட்டதும் மனம் குளிர்ந்து கை நீட்டினேன். ‘தாய்’ என்பது இங்கே ஒரு மீனின் பெயர் என்று மருமகன் தொலைபேசியில் சொல்லி, சைவனான என்னைக் காப்பாற்றினான்.

மூன்றாம் நாள்: அத்தாமி, மிஷிமா

நோசோமி நிற்காத நிலையங்களில், ஒதுங்க இடமே இல்லாதது அத்தாமி ஒன்றுதான். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குறுகலான இடத்தில் இரண்டு பாதைகளை மட்டுமே போட முடிந்திருக்கிறது. எனவே நோசோமி நடைமேடையை உரசியபடி போகிறது. அதற்காகவே ஓரத்தில் தடுப்புக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். வளைவின் ஆரம் 1,500 மீட்டர் என்பதால் வேகத்தையும் கணிசமாகக் குறைத்துக்கொண்டுதான் வருகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இங்கேதான் ‘நன்றாகப் பார்த்தோம்’ என்பார்கள். எனக்கோ லூப் இல்லாத நிலையத்தைப் பார்க்கும்போது, அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்காரரின் வயிற்றெரிச்சல்தான் நினைவுக்கு வந்தது.

அத்தாமியை விட்டதும் 7,959 மீட்டர் நீளமுள்ள ஷின்-டன்னா சுரங்கம். இதன் பக்கத்தில் ஓடும் பழைய டன்னா சுரங்கத்தை 1918 முதல் 1934 வரை பதினாறு ஆண்டுகள் தோண்டினார்கள். வெள்ளத்திலும் மண்சரிவிலும் 67 பேர் இறந்தார்கள். புதிய சுரங்கத்தை 1941இலேயே தொடங்கிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. போருக்கு முன்பு தீட்டிய ‘தோட்டா வண்டி’த் திட்டத்துக்காக நிலம் வாங்கி, மலையைக் குடைந்து, 1943இல் போரின் நெருக்கடியில் கைவிட்டதை, 1959இல் மீண்டும் எடுத்து முடித்தார்கள். சுரங்கத்தின் மேற்கு வாயை அடுத்த கன்னாமி ஊரில், அன்றைய தொழிலாளர்கள் தங்கியிருந்த பகுதிக்கு இன்றும் ‘ஷின்கான்சென்’ என்றே பெயர். வண்டி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பெயரில் ஒரு குடியிருப்பு காத்திருந்திருக்கிறது.

மிஷிமா 1969இல் பின்னாளில் சேர்க்கப்பட்ட நிலையம். நடுவில் ஒரே தீவு மேடை, அதன் இருபுறமும் நிற்கும் வண்டிகள், அவற்றுக்கு வெளியே பறக்கும் வண்டிகள். இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஷின்கான்சென்னில் தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; அது உண்மைதான். ஆனால் 1995 டிசம்பர் 27 மாலை, இந்த மேடையில் நின்ற கொடாமாவிலிருந்து தொலைபேசியில் பேசுவதற்காக இறங்கிய பள்ளி மாணவன் ஒருவன், மீண்டும் ஏற ஓடிவந்தபோது மூடிய கதவில் கைவிரல் சிக்கி, இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். வேகமாகப் போன வண்டியில் அல்ல, வழிவிட்டு நின்றிருந்த வண்டியில் நேர்ந்தது அது. நிற்கிற வண்டியை யாரும் அஞ்சுவதில்லை என்பதை நடைமேடையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் நான் அறிவேன். மேடையின் ஓரமாக நடந்து, அன்று மாலை வேறெதையும் படம் எடுக்காமல் விடுதிக்குத் திரும்பினேன்.

நான்காம் நாள்: ஷின்-ஃபுஜி

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் இதையே கேட்பேன். 1988இல் திறந்த இந்த நிலையம், தடத்திலேயே வேறெந்த இருப்புப்பாதையோடும் இணைப்பு இல்லாத ஒற்றை நிலையம். இறங்கினால் பேருந்தோ, வாடகைக் காரோ, நம் காலோதான். காலை ஏழு மணிக்கு வானத்தில் துளி மேகம் இல்லை. நடைமேடையின் முனையில் நின்றால் ஆலைகளின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் ஃபுஜி மலை, அடிவாரம் முதல் உச்சி வரை, மறைப்பின்றி நிற்கிறது. மலையைப் பார்ப்பதா வண்டியைப் பார்ப்பதா என்ற குழப்பம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மலை எங்கும் போகவில்லை.

இங்கே நான் வெளியில் நின்றும் பார்த்தேன், கொடாமாவுக்குள் உட்கார்ந்தும் பார்த்தேன். உள்ளே இருந்து பார்த்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டி வேகம் தணிந்து, பாதை பிரியும் பாயிண்ட்ஸில் சின்னதாக ஒரு பக்கம் சாய்ந்து, ஓரப் பாதைக்கு ஒதுங்கி நிற்கிறது. கதவு திறக்கிறது, ஓரிருவர் இறங்குகிறார்கள், குளிர் உள்ளே வருகிறது. எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெரியவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கைக்குட்டையில் சுளை சுளையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் தோல் கிழியும் ஓசைகூடக் கேட்டது. சட்டென்று சன்னலுக்கு வெளியே பகல் அணைந்து எரிவது போல வெள்ளைப் பட்டை ஒன்று ஓட, நாங்கள் இருந்த பெட்டி முதலில் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு, பிறகு வண்டி இருந்த பக்கமாக இழுக்கப்பட்டது. சுளைகளில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. பெரியவர் அதை எடுத்துத் துடைத்து ஓரமாக வைத்தார். மீதியை எனக்கு நீட்டினார். அவர் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. அடுத்த நோசோமியும் போன பிறகு எங்கள் கதவு மூடியது.

கிளம்பிய வேகம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எங்கள் ஊரில் ஒதுங்கி நிற்கும் வண்டி இயல்பிலேயே மெதுவான வண்டி. நிறுத்தங்கள் அதிகம், இன்ஜினும் மற்ற வண்டிகளுக்கு வேண்டாமென்று கழித்துவிட்டதாக இருக்கும். இங்கே அப்படியில்லை. பழைய 700 வரிசை வண்டிகள் 2020 மார்ச்சில் இந்தத் தடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், நோசோமியாக ஓடுவதும் கொடாமாவாக ஓடுவதும் ஒரே என்700 குடும்பத்து வண்டிகள்தான். 16 பெட்டிகளில் 14 பெட்டிகளின் அடியில் மோட்டார் இருக்கிறது. ஏறத்தாழ எல்லாச் சக்கரங்களும் சேர்ந்து தள்ளுகின்றன. 2,500 மீட்டர் ஆரமுள்ள வளைவுகளில் பெட்டியைத் தாங்கும் காற்று ஸ்பிரிங்குகளை உயர்த்தி, உடலை ஒரு பாகை சாய்த்து, பழைய வண்டிகள் தணிக்க வேண்டியிருந்த வேகத்தைத் தணிக்காமலே திரும்புகின்றன. கொடாமா அடுத்த நிலையம் வரை நோசோமியின் வேகத்திலேயே ஓடுகிறது. ஓடியே ஆக வேண்டும். ஏனென்றால் பின்னால் மூன்று, நான்கு நிமிடத் தொலைவில் இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது, அது எட்டிப் பிடிப்பதற்குள் அடுத்த லூப்புக்குள் நுழைந்தாக வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே திறத்தவை ஆன பிறகுதான் மணிக்கு 12 நோசோமி என்ற அட்டவணையே கைகூடியது. வழிவிடுவதற்கும் வேகம் வேண்டும் என்பதை நான் 34 ஆண்டு வேலையில் ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. எங்கள் பாசஞ்சருக்கு அடுத்த நிலையம் வரை ஓடி ஒதுங்கும் தெம்பு இருந்திருந்தால், அதை அரை மணி நேரம் முன்னதாகவே நிறுத்தி வைத்திருக்க மாட்டேன்.

மாலையில் ஃபுஜி ஆற்றங்கரைக்கு நடந்தேன். 1,373 மீட்டர் நீள இரும்புப் பாலம் இந்தத் தடத்திலேயே மிக நீளமானது. ஜப்பானின் மின்சாரம் இரண்டாகப் பிரிவதும் இந்த ஆற்றையொட்டித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும், ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்று நிலைத்துவிட்டது. வண்டிக்குள் இரண்டு வகைக்கும் கருவி ஏற்றினால் எடை கூடும் என்பதால், டோக்கியோ பக்கத்தில் மாற்று நிலையங்கள் அமைத்து, தடம் முழுவதும் 25,000 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று ஒன்றாக்கிவிட்டார்கள்.

இந்த மாகாணமான ஷிஸுவோக்காவில் இத்தடத்தின் ஆறு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட நோசோமி நிற்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாகாண ஆளுநர், நிற்காமல் போகும் நோசோமிக்குக் கடவு வரி விதித்தால் என்ன என்று கேட்டுச் செய்தியானார். அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஐந்தாம் நாள்: ககேகாவா, ஹமாமாட்சு, நகோயா

இன்று ஒரு மானக்கேடு. ககேகாவாவில் கொடாமா சற்று நேரம் நிற்கும் என்று கணக்கிட்டு, தேயிலைத் தோட்டச் சரிவு பின்னணியில் விழும்படி ஒரு படம் எடுக்க இறங்கினேன். நோசோமி ஒன்று போனது. இன்னொன்றும் உண்டு என்று நானாக முடிவு செய்துகொண்டு மேடைக் கோடியிலேயே நின்றேன். முதுகுக்குப் பின்னால் கதவு மூடும் மணி அடித்தது. இருபதடி தூரம். கால் ஓடத் தூண்டியது, மிஷிமாவின் மேடை கண்முன் வந்தது, நின்றுவிட்டேன். என் பையும் கம்பளிக் குல்லாயும் இருக்கையில் அமர்ந்தபடி ஹமாமாட்சுவுக்குப் புறப்பட்டுப் போயின. ‘வண்டி நிற்கிறதே என்று இறங்காதீர்கள்’ என்று ஆயிரம் பேரை அதட்டியவன், மருமகன் சொல்லிக்கொடுத்த நான்கு ஜப்பானியச் சொற்களோடு நிலைய ஊழியர் முன் தலை குனிந்து நின்றேன். அவர் அதட்டவில்லை. பெட்டி எண்ணைக் கேட்டார், தொலைபேசியில் பேசினார், அடுத்த வண்டியின் நேரத்தை எழுதிக் கொடுத்தார். ஹமாமாட்சுவில் பை வந்து காத்திருந்தது. குல்லாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அதன்பின் ஹமானா ஏரியைக் கடக்கும்போது, நீருக்குள் நிற்கும் செந்நிறத் தோரண வாயிலைச் சன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். இறங்கும் எண்ணம் வரவில்லை. மிக்காவா-ஆஞ்ஜோவைப் பற்றி ஒரு வரி: ‘இப்போது மிக்காவா-ஆஞ்ஜோ நிலையத்தைக் குறித்த நேரத்தில் கடந்தோம்’ என்று மேற்கே போகும் நோசோமியில் அறிவிப்பது வெகு காலமாக இருந்த வழக்கம். நகோயா நெருங்குகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. நிற்காத நிலையம் ஒன்று, நிற்காததாலேயே நாடறிந்த பெயரானது.

நகோயாவின் துறைமுகப் பக்கத்தில் இருக்கும் இரயில் காட்சியகத்தில் வட்ட மூக்குடைய பழைய 0 வரிசை வண்டியையும், மஞ்சள் நிற ‘டாக்டர் யெல்லோ’வையும் பார்த்தேன். தண்டவாளத்தையும் மின்கம்பியையும் ஓடிக்கொண்டே சோதிக்கும் வண்டி அது; ஓடும் நாளை யாருக்கும் சொல்லாமல் ஓடியதால், கண்டவர்களுக்கு நல்லது நடக்கும் என்று குழந்தைகள் நம்பினார்கள். அதன் டி4 வண்டி 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்றவர்களைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைப்பதை நான் அதிகம் ரசிக்கவில்லை.

ஆறாம் நாள்: மைபாரா

கிஃபு-ஹாஷிமாவைத் தாண்டியதும் நிலம் வெளுத்தது. செக்கிகஹாரா கணவாயில் நல்ல பனி. தண்டவாளத்தின் இருமருங்கும் நீர்த்தெளிப்பான்கள் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. பனியை உருக்குவதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியல்ல, உலர்ந்த பனித்தூள் வண்டியின் வேகத்தில் கிளம்பி அடிப்பகுதியில் ஒட்டி, கட்டியாகி, வெப்பமான இடத்தில் விழும்போது தண்டவாளத்துச் சரளைக் கற்களைத் தெறிக்க வைக்கும். தெறித்த கல் சன்னலையும் கருவிகளையும் உடைக்கும். திறந்த முதல் குளிர்காலத்திலேயே இந்தத் தொல்லையை அனுபவித்தார்கள். பனியை நனைத்துவிட்டால் அது எழும்பாது. வடக்கே பின்னாளில் கட்டிய தடங்களில் காங்கிரீட் பாலங்களின் மேல் வெந்நீரையே கொட்டி உருக்குகிறார்கள்; இங்கே அடியில் மண் கரை என்பதால் அவ்வளவு நீரைக் கொட்டினால் கரை கரைந்துவிடும். முதலில் கட்டியவர்களுக்கு மட்டும் வாய்க்கும் இடர்ப்பாடு.

மைபாரா மேடையில் இபுக்கி மலைக் காற்று காதை அறுத்தது. நோசோமிகள் வேகம் குறைத்து வந்தன. அட்டவணைப் பலகையில் 10 நிமிடம், 15 நிமிடம் என்று தாமதக் கணக்கு ஏறியது. இன்றுதான் இந்தத் தடத்தின் சிக்கலை முழுதாகப் பார்த்தேன். நோசோமி தாமதித்தால், அதற்காக ஒதுங்கிய கொடாமா இன்னும் தாமதிக்க வேண்டும். கொடாமா விட்டுச் செல்ல வேண்டிய இடத்துக்கு அதன் பின்னால் இன்னொன்று வந்துவிடும். வழக்கமாக மூன்று, நான்கு நிமிடம் நின்று போகும் எங்கள் வண்டி இன்று பன்னிரண்டு நிமிடம் நின்றது. கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர் எதை எங்கே ஒதுக்குவது என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். இப்போது பென்சில் இல்லை, திரைதான் என்றாலும். பெட்டிக்குள் யாரும் எதுவும் கேட்கவில்லை. நடத்துநர் மட்டும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு வணக்கத்தை நான் செய்து பார்த்ததில்லை. எங்கள் நிலையத்தில் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஏழாம் நாள்: கன்மாக்கி

கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவே தென்னோ மலையும் யோதோ ஆறும் நெருங்கி வருமிடத்தில், தடங்களெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. அங்கே ஹான்க்யூ என்னும் தனியார் இரயிலின் கன்மாக்கி நிலையம், ஷின்கான்சென்னின் உயர்பாதைக்குத் தோளோடு தோளாக நிற்கிறது. கொடாமாவை நேற்றோடு விட்டுவிட்டு, இன்று அந்த அரக்கு நிற வண்டியில் வந்து இறங்கினேன். 

இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. மண் இளகலான இந்தப் பகுதியில் ஷின்கான்சென்னுக்கு உயர்ந்த கரை எழுப்பினால் பக்கத்திலுள்ள ஹான்க்யூ தடம் புதையும் என்று அஞ்சி, அதையும் சேர்த்தே உயர்த்த முடிவு செய்தார்கள். வேலை நடக்கும்போது ஹான்க்யூ வண்டிகள் எங்கே ஓடுவது? இரண்டுக்கும் ஒரே 1,435 மி.மீ. அகலம் என்பதால், 1963 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, முடிந்திருந்த ஷின்கான்சென் பாதையின்மீதே அவை ஓடின. தற்காலிக மேடைகள் போட்டு ஆட்களை ஏற்றி இறக்கின. ஆகவே இந்தத் தடத்தில் சீட்டு வாங்கி முதலில் பயணம் செய்தவர்கள் ஹிக்காரியின் பயணிகள் அல்லர். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போன இந்த ஊர்க்காரர்கள்.

மேடையில் மூன்று பேர் இருந்தோம். உயர்பாதையின் ஒலித்தடுப்புச் சுவருக்கு மேலே வெள்ளை முதுகும் மின் வாங்கியும் மட்டும் தெரிய, நோசோமிகள் கிழக்கும் மேற்குமாகப் போய்க்கொண்டிருந்தன. வெங்காயத் தாள் நீட்டிக்கொண்டிருந்த கூடையோடு பெஞ்சில் இருந்த மூதாட்டி ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு விரைவு வண்டி நிற்காமல் கடந்தது. அதற்குப் பின்னால் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி வந்து நின்றது. மூதாட்டி கூடையை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் கடைசிப் பெட்டியின் நடத்துநரைப் பார்த்து, பழக்க தோஷத்தில், கொடி இல்லாத கையை மெல்ல உயர்த்தினேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையுறை அணிந்த விரலை முன்னால் நீட்டி, அவருடைய முறைப்படி ஏதோ சொல்லிவிட்டு, கதவை மூடினார்.